அருங்காட்சியக வாசலில் இருபத்தெட்டுப் பேர்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடச் சுற்றுலா வழிகாட்டி வேலையில் பாரிஸ் நகரத்தின் மிகப்பெரிய அருங்காட்சியகத்துக்குள் முப்பத்தோரு முறை நுழைந்திருக்கிறேன். கைமேல் கைவைத்து உட்கார்ந்து, சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற அம்மாளின் படத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததை மன்னித்துவிடலாம். பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பார்த்தவன்போல விவரித்ததை மன்னிக்க முடியாது. "நல்ல கதவு அளவுக்கு இருக்கும். எங்கே நின்றாலும் தெரியும். யாரும் முண்டியடிக்க வேண்டாம்" என்று ஏழெட்டுக் குழுக்களுக்குத் துணிந்து சொன்னேன். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் நியூ லின் நூலகத்தில் ஓவியக்கலைப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். அவற்றில் அந்தப் படம் பக்கம் முழுக்க இருந்தது. புத்தகமும் பெரிய புத்தகம். கீழே பொடி எழுத்தில் அளவு போட்டிருந்ததை மட்டும் படிக்கவில்லை.

ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவிலிருந்து வந்த சுந்தரம் என்ற கணக்காளர்தான் என்னைப் பிடித்தவர். படத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மூர்த்தி சார், எங்க வீட்டு மைக்ரோவேவ் அதைவிடப் பெரிசு."

"வெளிச்சத்துல அப்படித் தெரியும் சார்."

"நீங்க சொன்ன கதவைத் தேடி நாலு ரூம் சுத்தினேன். ஒரு கதவு இருந்துச்சு. திறந்தா டாய்லெட்."

அதற்குப் பிறகு என் விளக்கத்தில் அளவை மட்டும் திருத்திக்கொண்டேன். அப்போதும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால் நானும் சென்ற வருடம் பின்தொடர்ந்தேன். என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி போன வாரம் அழைத்தாள். இப்போது அருங்காட்சியகங்களில் எல்லாம் கைப்பேசியில் நேரம் குறித்துத்தான் உள்ளே போகவேண்டுமாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியே எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம். "அங்கிள், நம்ம வெப்சைட்ல போட விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்றாள். ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியது வெப்சைட்டுக்கு ஆகாது என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

நான் சுற்றுலாத் துறைக்கு வந்த கதை மிகச் சிறியது. திருச்சியிலிருந்து மாணவர் விசாவில் ஆக்லாந்துக்கு வந்தேன். ஒரு டிப்ளமோ படித்தேன். அதை எவரும் கேட்கவில்லை. நியூ லின் மாலில் அலமாரிகளில் பொருள் அடுக்கினேன். பிறகு சில வருடம் டாக்ஸி. ஒருநாள் ஊருக்கு டிக்கெட் எடுக்க ஒனிஹங்கா பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த டிராவல் ஆபீஸுக்குப் போனேன். டிக்கெட் விலையைக் கேட்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, அதன் உரிமையாளர் வேலை கொடுத்தார்.

கோமதி மேடம் மதுரைக்காரர். பருத்திப் புடவை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டவேண்டிய இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, நீல மைப் பேனாவின் மூடியைத் திறந்து மூடுவார். நாலு தடவை திறந்து மூடினால் அது பெரிய திட்டு. ஆக்லாந்துத் தமிழர்களை, யாழ்ப்பாணத்தவரும் தமிழ்நாட்டவரும் கலந்த குழுக்களாக, பத்து நாள் ஐரோப்பாவுக்கு அனுப்புவது அவர் தொழில். கூடப் போவது என் வேலை. முதல் பயணத்துக்கு முன்பு, படித்து வைத்திருந்த ஓவிய வரலாற்றையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு மூர்த்தி. ஆனா படம் எங்கயும் ஓடிப்போகாது. ஆளுங்கதான் ஓடிப்போவாங்க. நீங்க ஆளுங்களப் பாருங்க."

அதனால்தான் என் இடம் எப்போதும் அறையின் வாசலாக இருந்தது. நான் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, பை சோதனை முடிந்ததும், மாடிப்படி ஏறியதும், கழிப்பறைக்கு முன்பும் பின்பும் எண்ண வேண்டும். இதற்கென்று நானே ஒரு முறை வைத்திருந்தேன். இடது சட்டைப்பையில் ஆளுக்கு ஒன்றாகப் பொட்டுக்கடலை. ஒரு தலை கடந்ததும் ஒரு கடலை வலது பைக்குப் போகும். ஒருமுறை பசியில் இரண்டைத் தின்றுவிட்டு, இரண்டு பேரைக் காணோம் என்று ஒரு மாடி முழுவதும் காவலர்களை ஓடவிட்டிருக்கிறேன்.

தினமும் பாரிஸில் காலை எட்டு மணிக்கு, அதாவது ஆக்லாந்தில் மாலை ஏழுக்கு, மேடம் அழைப்பார். சாப்பாடு எப்படி, மழையா, யாருக்கும் காய்ச்சலா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"எத்தனை?"

"இருபத்தெட்டு, மேடம்."

"சரி."

வைத்துவிடுவார்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்று முதல் வருடமே தெரிந்தது. பெரிய அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து, எண்ணி, சரியாக இருக்கிறது என்று பேருந்தை எடுக்கச் சொன்னேன். பாதி வழியில் கடைசி இருக்கையில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் எங்கள் பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாரிஸிலேயே குடியிருக்கும் தமிழர். தெருவில் தமிழ் கேட்டதாம், நீங்கள் எந்த ஊர் என்று விசாரிக்க ஏறினாராம், பேருந்து கிளம்பிவிட்டதாம். "பரவாயில்லை அண்ணை, அடுத்த சந்தியில விடுங்கோ" என்றார். அவருக்குப் பதிலாக நாங்கள் விட்டுவிட்டு வந்தது ஒரு டாக்டர் அம்மாளை. திரும்பிப் போனபோது அருங்காட்சியகத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து கணவரைப் பற்றி ஃபோனில் தன் அம்மாவிடம் புகார் செய்துகொண்டிருந்தார்.

மேடத்திடம் சொன்னேன். பேனா மூடி ஐந்து முறை திறந்தது.

"எண்ணிக்கை சரி. ஆள் தப்பு."

அதிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் வந்தது. இன்னொன்றும் வந்தது. பாரிஸில் யார் யாருக்கு உறவினர் இருக்கிறார்கள், அவர்கள் பெயர், வீட்டு நம்பர் எல்லாவற்றையும் பயணிகளிடம் கேட்டு மேடம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இவ்வளவு பேரை விசாரிக்கிறாரே, இவர் என்ன கல்யாணப் பத்திரிகை அனுப்பப்போகிறாரா என்று நான் பேக்கரியில் நின்று கிண்டல் செய்ததுண்டு.

ஆனால் காரணம் இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பயணிகளில் பாதிப் பேருக்குப் பாரிஸில் மச்சான், மச்சாள், ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாராவது உண்டு. இருபது, முப்பது வருடம் பார்க்காதவர்கள். அவர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, ஏதாவது ஒரு அருங்காட்சியக வாசலில் வந்து நிற்பார்கள். கையில் ஒரு பார்சல் இருக்கும். பழுப்பு டேப்பால் சுற்றிச் சுற்றி, பிரிக்க ஒரு மணி நேரமாகும் பார்சல். ஆக்லாந்தில் இருக்கும் இன்னொரு உறவுக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்புவது. கொண்டுபோகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. இந்த விஷயத்தில் மேடத்தின் உத்தரவு கடுமையானது. பார்சல் எதுவானாலும் என் கண்முன் பிரிக்கப்படாமல் பயணியின் பைக்குள் போகக்கூடாது.

பதினாறு வருடத்தில் இந்த உத்தரவை நான் ஒரே ஒருமுறை மீறினேன். மைக்ரோவேவ் சுந்தரம் வந்த அதே பயணத்தில், அவர் கதவைத் தேடியதற்கு மறுநாள் காலையில்.

அன்று நாங்கள் போனது பெரிய இடமில்லை, ஆசியக் கலைப்பொருட்கள் மட்டும் இருக்கும் ஒரு சிறிய அருங்காட்சியகம். அக்டோபர் மாதம், நல்ல குளிர். வாசலில் ஓர் அம்மாள் காத்திருந்தார். எங்கள் குழுவிலிருந்த பரமேஸ்வரி அக்கா அவரைக் கண்டதும் தெருவென்றும் பாராமல் ஓடினார். பரமேஸ்வரி அக்காவுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். நியூ லின்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரண்டு பிள்ளைகளோடு அகதியாக ஆக்லாந்துக்கு வந்தவர். வந்திருந்தவர் அவருடைய மாமன் மகள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள், இருபத்தேழு வருடமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகைக்கு நடுவே பார்சல் கைமாறியது.

நான் கடமை உணர்வோடு கிட்டப் போனேன்.

"அக்கா, அந்தப் பார்சலை..."

இரண்டு பேரும் கண்ணீரோடு என்னைப் பார்த்தார்கள்.

"...கவனமா வச்சுக்கங்க" என்றேன்.

மச்சாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மெட்ரோவுக்கு ஓடினார். பரமேஸ்வரி அக்கா பார்சலைத் தன் துணிப்பைக்குள் வைத்தார். வாசலில் இருந்த காவலர் பையைத் திறந்து ஒரு குச்சியால் கிளறினார். அதிலிருந்து கிளம்பிய மணம் முகத்தில் பட்டதும் அவசரமாகக் கையசைத்து உள்ளே போகச் சொன்னார். அக்காவின் இடுப்பில் கட்டியிருந்த சிறிய பர்ஸைக் கண்டு உலோகம் சோதிக்கும் கருவி கூவியது. அதை அவிழ்த்துக் காட்டிவிட்டு, திரும்பக் கட்டச் சோம்பல்பட்டு அதையும் துணிப்பைக்குள் போட்டார். இதை நான் பார்த்தேன். பொட்டுக்கடலை ஒன்றை வலது பைக்கு மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நம் ஆட்கள் அருங்காட்சியகம் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எழுதி வைத்திருப்பதைப் படிக்கமாட்டார்கள். இது என்ன விலை போகும் என்று கேட்பார்கள். அந்த நீலப் பீங்கானைப் பார்த்தால் ஆக்லாந்தில் யார் வீட்டு ஷோகேஸில் அப்படி ஒன்று இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். ஜப்பானும் சீனமும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றும் அப்படித்தான். கழிப்பறையில் மாட்டிக்கொண்ட ஐந்து ஆண்களை எண்ணி மீட்டுக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினேன். குழுவைக் காணோம். ஓர் அறை வாசலில் பதினாலு ஜோடி செருப்பும் ஷூவும் சுவரோரம் வரிசையாக இருந்தன.

உள்ளே சோழர் காலத்து அம்மன். ஓராள் உயரமில்லை. கண்ணாடிக்கூண்டு இல்லாமல், ஒரு கல் பீடத்தில், ஒரு கையில் இல்லாத பூவைப் பிடித்தபடி நின்றாள். எங்கள் பெண்கள் அவள் முன்னால் அரைவட்டமாக நின்று மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஓரத்தில் ஒதுங்கி நின்று அம்மனை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடத்தில் என் பயணிகள் ஓர் அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எண்ணுவதை விட்டுவிட்டு நானும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். என் இடது காலுறையில் பெருவிரலுக்கு நேரே ஓட்டை இருந்தது.

கழற்றும்போது, செருப்புகளிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெஞ்சுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்ததையும் கவனித்தேன். கோயில் வாசலில் செருப்போடு பை இருப்பது உலகத்திலேயே இயல்பான காட்சி. எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

சுற்றி வந்த ஓர் ஊழியருக்கு உறுத்தியது. ஒரு மணி ஒலித்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அழகான பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அறைக்குள் நாலு பேர் வந்து, எங்களை வேறொரு கதவு வழியாகப் படியிறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செருப்பை எடுக்க விடவில்லை. நடைபாதையில் நின்று எண்ணினேன். இருபத்தெட்டு. பெயர் சொல்லியும் கூப்பிட்டேன். எல்லாரும் இருந்தார்கள். ஒரு நிமிடம் என் தொழில்மீது எனக்கே பெருமையாக இருந்தது. பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாகப் பதினாலு பெண்கள் பாரிஸ் நடைபாதையில் வெறுங்காலோடு, குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

சுந்தரம் வந்தார். அவர் காலில் ஷூ இருந்தது.

"சார், இது ப்ரோக்ராம்ல இருக்கா, இல்ல எக்ஸ்ட்ராவா?"

யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரமேஸ்வரி அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, அது என்ர பை."

"ஏன் அக்கா வெளியில வச்சீங்க?"

"மச்சாள் தந்த பார்சலுக்குள்ள கருவாடு கிடக்குது போல. மணந்தது. மச்சத்தோட எப்படி அம்மாளாச்சிக்கு முன்னால போறது? அதுதான் தள்ளி வச்சனான்." பிறகு குரல் இறங்கியது. "தம்பி, என்ர பாஸ்போட்டும் உதுக்குள்ளதான் கிடக்கு. இடுப்பில கட்டியிருந்தது."

தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். தலையில் பெரிய கவசத்தோடு ஓர் ஆள் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே போய்வந்தார். ஒரு கறுப்பு நாயும் இறங்கியது. பொறுப்பிலிருந்தவர் ஒரு பெண் அதிகாரி. நரைத்த முடி, நல்ல ஆங்கிலம். நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓட்டைக் காலுறையோடு அவரிடம் நடந்தேன். பையின் சொந்தக்காரர் எங்கள் குழுவில்தான் இருக்கிறார் என்றேன்.

"ஏன் விட்டுவிட்டுப் போனார்?"

நேர்மையாகச் சொல்வதென்று முடிவெடுத்தேன். உள்ளே தெய்வம் இருக்கிறது, பைக்குள் மீன் இருக்கிறது, மீனோடு தெய்வத்தின் முன்னால் போகக்கூடாது என்றேன். அவர் என் முகத்தையும், பிறகு என் பெருவிரலையும் பார்த்தார்.

"தெய்வம், அருங்காட்சியகத்திலா?"

"ஆமாம். முதல் மாடியில்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது. டேப் சுற்றிய பொட்டலத்தில் ஏதோ தூள் இருக்கிறது. தூளுக்கு நடுவே ஒரு வளையமும், கனமான உலோகத்துண்டு ஒன்றும் இருக்கின்றன. அது என்னவென்று சொந்தக்காரர் சரியாகச் சொன்னால், படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திறப்போம். சொல்ல முடியாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி இருந்த இடத்திலேயே பையைச் சிதறடித்துவிடுவோம். இருபது நிமிடம்.

அக்காவிடம் ஓடி வந்தேன்.

"அதுக்குள்ள என்ன அக்கா இருக்கு?"

"எனக்கென்னெண்டு தெரியும்? ஒனிஹங்காவில இருக்கிற அவவின்ர மகளுக்குக் குடுக்கச் சொல்லித் தந்தவ."

"மச்சாளுக்கு ஃபோன் பண்ணுங்க."

"போனும் உதுக்குள்ளதான்."

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் போனால் தூதரகத்தில் சொல்லித் தற்காலிகமாக ஒன்று வாங்கலாம், நான் கூட இருக்கிறேன், நாலைந்து நாள்தான் ஆகும் என்று என் தொழில்முறைச் சமாதானத்தைச் சொன்னேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, நான் நியூசிலாந்துக்கு வரேக்க என்ர பேர் ஒரு ஒற்றைத் தாளில மட்டும்தான் இருந்தது. அதுவும் பிழையான எழுத்தில. பதினொரு வருசம் காத்திருந்து எடுத்த பாஸ்போட் உது. எனக்கெண்டு, என்ர பேரில முதன்முதல் கிடைச்சது. அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட முதல் பயணமும் இதுதான். எடுத்துத் தாங்கோ."

என்ன செய்வதென்று தெரியாமல் மேடத்தை அழைத்தேன். ஆக்லாந்தில் இரவு பத்து மணி.

"எத்தனை?" என்றார்.

"இருபத்தெட்டு, மேடம். எல்லாரும் வெளியில."

"அப்ப என்ன பிரச்சனை?"

சொன்னேன். பார்சலைப் பிரித்துப் பார்க்காததையும் சொன்னேன். பேனா மூடியை எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக நோட்டுத் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"பரமேஸ்வரி செல்லத்துரை. பாரிஸ்ல மச்சாள் மங்கை, வீட்டு நம்பர் இருக்கு. லைன்லயே இருங்க."

அதே லைனில் அந்த வீட்டு ஃபோன் மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. மச்சாள் வேலைக்குப் போயிருந்தார். அவர் கணவர், ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர், எடுத்தார்.

"ஆர்?"

"ஐயா, நான் ஆக்லாந்திலேருந்து பேசுறேன். உங்க வீட்டம்மா இன்னைக்குக் குடுத்தனுப்பின பார்சல்ல என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றார் மேடம். கல்யாண மண்டபத்தில் மெனு கேட்பவர் போன்ற குரல்.

"பார்சலோ? அது நான்தானே கட்டினது. கட்டாக் கருவாடு அரைக் கிலோ. மிளகாய்த்தூள் ரண்டு கிலோ. பிறகு எங்கட பிள்ளையின்ர குக்கருக்கு வாசரும் வெயிட்டும். அவளுக்கு அங்கை அந்த சைஸ் கிடைக்கேல்லையாம். அதை மிளகாய்த்தூளுக்குள்ள புதைச்சு விட்டனான், நசுங்காமல் இருக்கட்டும் எண்டு. ஏன், பிளேன் ஏறேல்லையோ?"

"ஏறிடும் ஐயா. தூங்குங்க" என்றார் மேடம்.

விஷயம் புரிந்தது. ஆனால் புதிய பயம் வந்தது. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் போலீஸிடம், கேட்பாரற்ற ஒரு பைக்குப் பக்கத்தில், சொல்லவே கூடாத சில சொற்கள் உண்டு. பிரஷர் குக்கர் என்பது அவற்றில் முதல் வரிசை. நடந்துபோன இருபது அடியில் அதைச் சொல்லாமல் சொல்ல எத்தனை வழி உண்டென்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அதிகாரியின் குறிப்பேட்டை வாங்கி ஒரு குக்கரை வரைந்தேன். ஓவியக்கலைப் புத்தகங்கள் படித்தது கையை எட்டவில்லை. அது பானைமேல் உட்கார்ந்த காக்கை மாதிரி வந்தது. மூடியில் வளையத்தையும், காக்கையின் இடத்தில் வெயிட்டையும் காட்டினேன். உதட்டைக் குவித்து விசிலும் அடித்தேன்.

அவர் முகம் மாறவே இல்லை. "எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்றார். "ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சிக்கு."

படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எக்ஸ்ரேயில் இருந்த வளையத்தோடு என் காக்கையை எப்படி ஒப்பிட்டார்களோ தெரியாது. நாய் உள்ளே போனது. பன்னிரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தது. வெடிமருந்து இருந்தால் அந்த நாய் உட்காருமாம். இது உட்காராமல் வாலை ஆட்டிக்கொண்டு பையையே திரும்பித் திரும்பிப் பார்த்ததாகப் பிடித்து வந்தவர் சொன்னார். அதன் பயிற்சியில் கட்டாக் கருவாடு இல்லை.

அடுத்து அதிகாரி வந்தார். ஒரு கையில் துணிப்பை இருந்தது. மேலே டேப் கிழிக்கப்பட்டிருந்தது. அவருக்குப் பின்னால் வந்த கவசக்காரர் மூன்று முறை தும்மினார். அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஊழியர்கள் பெரிய தட்டுகளில் செருப்புகளை அடுக்கி, அருங்காட்சியகப் பொருளைத் தூக்குவதுபோல இரு கையாலும் பிடித்து எடுத்துவந்தார்கள். எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். சுந்தரம் படம் பிடித்தார்.

பரமேஸ்வரி அக்கா செருப்பைத் தேடவில்லை. பர்ஸைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். படம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, மேலெல்லாம் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார். முழுப் பெயரையும் படித்து முடித்த பிறகுதான் மூடினார். அதிகாரி அதுவரை காத்திருந்தார். பிறகு, பையை எங்கும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவரிடம் ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அருங்காட்சியகம் மறுபடி திறந்ததும் எங்களை உள்ளே விட்டார்கள். கும்பிட்டு முடிக்காமல் பாதியில் வந்துவிட்டதால் எல்லாரும் அம்மன் அறைக்கே திரும்பப் போனார்கள். இந்த முறை பார்சலோடு நான் வெளியே நின்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் மறுபடி கேட்டார். பேனாவைத் தொடவில்லை.

"அழறவங்ககிட்ட பார்சலைப் பிரின்னு எப்படிச் சொல்றதுன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தரல. அது என் தப்பு" என்றார். "அழுது முடியுற வரைக்கும் நில்லுங்க. டிஷ்யூ குடுங்க. அப்புறம் கத்தரிக்கோலையும் குடுங்க. அடுத்த குழு ஏப்ரல்ல."

அன்று படியிறங்கி வந்து பேக்கரியில் இரண்டு பஃப் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. அதன் பிறகு பத்து வருடம் வேலை பார்த்தேன். பயணத்துக்கு அரை டஜன் கத்தரிக்கோல் வாங்குவேன். எந்த அருங்காட்சியகமும் அதை உள்ளே விடாது என்பதால் ஒவ்வொரு வாசலிலும் ஒன்றாகப் பறிகொடுத்தேன்.

நந்தினி, உனக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். காதில் மாட்டும் கருவி எந்தப் பொம்மை எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடும். யார் எதை எங்கே, ஏன் வைத்துவிட்டுப் போவார்கள் என்று அதற்குத் தெரியாது. உறவினர் நம்பரை எழுதி வாங்கிக்கொள்.

இதை ஒரு சாதனைக் கதையாக முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, அடுத்த வருடப் பயணத்தைப் பற்றி விசாரிக்கப் பரமேஸ்வரி அக்கா ஆபீஸுக்கு வந்தார். நான் மூலை மேசையில் இருந்தேன். அவர் நன்றி சொல்லப்போகிறார், அடக்கமாக எப்படி மறுப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டூர் எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் மேடம்.

"எல்லாம் நல்லம். சாப்பாடு பரவாயில்லை. அம்மாளாச்சியை ரண்டுதரம் கும்பிடக் கிடைச்சது" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி நல்ல பிள்ளை. ஆனா சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் பதறிப் பதகளிப்படுறார். ஊரில நாங்கள் பாக்காத ஆமிச் செக்கிங்கோ? அடுத்தமுறை கொஞ்சம் நிதானமான ஆளாப் பாத்து அனுப்புங்கோ."